மாக்கோழியும் திரைப்படமும்

கொலையை நடித்துக் காட்டுதல் ஹிம்சை ஆகுமா? ஆகுமெனில் நடிப்பவர், நடிக்கச் செய்பவர், கண்டு மகிழ்பவர் ஆகிய மூவருள் யாரிடம் அவ்வினை மிகுதியாகச் சேரும்? இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. எங்கள் இல்லத்துக் கூடத்தில் எழுந்தது.

என் தம்பியின் மகன் சென்னையில் திரைப்பட இயக்கம் பயின்று வருகிறான். புகழ்பெற்ற மேடைத் துன்பியல் நாடகம் ஒன்றிலிருந்து மூன்று காட்சிகளைத் தேர்ந்து குறும்படமாக எடுக்கவேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட பயிற்சி. அவன் தேர்ந்தது, கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸ் இயற்றிய 'ஔலிஸில் இஃபிஜீனியா'. கப்பல்கள் செல்லக் காற்று வீசவேண்டும் என்பதற்காகத் தந்தையே மகளைப் பலியிடும் கதை அது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, "பெரியப்பா, நாள்தோறும் பஞ்ச நமஸ்காரம் சொல்லும் வீட்டில் பிறந்துவிட்டு இதை நான் எடுக்கலாமா?" என்று கேட்டான். நடிப்புத்தானே, எவ்வுயிர்க்கும் தீங்கில்லையே என்று எளிதாக விடையிறுத்தேன். அவன் விடவில்லை. "முதற்காட்சியில் ஒரு மான் அம்பு பட்டு விழவேண்டும். உயிருள்ள மானைப் பயன்படுத்தமாட்டோம். பஞ்சடைத்த பொம்மை மான் ஒன்று செய்து அதன்மேல் அம்பு எய்து எடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பொம்மைதானே, அதில் ஹிம்சை இல்லை அல்லவா?" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். யசோதர காவியத்து மாக்கோழி நினைவுக்கு வந்துவிட்டது. அந்த நினைவு அழைத்துச் சென்ற வழியைச் சமணப் பெருமக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யசோதரன் வெட்டியது எதனை?

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். ஆயினும் கதையின் அமைப்பை ஒருமுறை நினைவுகூர்தல் நலம். மாரிதத்தன் என்னும் மன்னன் சண்டமாரிக்குப் பலியிட முற்படுகிறான். விலங்குகளோடு மனித இணையும் வேண்டுமென்று, பிச்சைக்கு வந்த இளந்துறவியர் இருவரைக் காவலர் பிடித்து வருகின்றனர். அவர்கள் உடன்பிறந்த அபயருசியும் அபயமதியும். ஓங்கிய வாளின் முன் அஞ்சாது நின்ற அவர்களைக் கண்டு வியந்த மன்னன் காரணம் வினவ, அவர்கள் தங்கள் முற்பிறவிகளைக் கூறத் தொடங்குகின்றனர்.

அம்முற்பிறவியில் உஞ்சயினி மன்னனாகிய யசோதரன், தன் மனைவியின் ஒழுக்கக் கேட்டினைக் கண்டு மனம் நொந்திருந்தான். அதனை மறைத்துத் தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி தருமாறு தாய் வற்புறுத்துகிறாள். கொல்ல மனமில்லாத மகனுக்கும் பலியை விட மனமில்லாத தாய்க்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. மாவினால் கோழி செய்து அதனை வெட்டுவதே அவ்வுடன்பாடு. வெட்டினான். அவ்வினையின் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகப் பிறந்தது தொடங்கிக் கோழிகளாகப் பிறந்தது வரை, பிறவிதோறும் கொலையுண்டு உழன்றனர்.

இளமையில் இக்கதையைக் கேட்டபோது எனக்குப் பெரிதும் அநீதியாகவே தோன்றியது. மாவுக்கு ஐம்பொறிகளில் ஒன்றுமில்லை, குருதி இல்லை, வலி இல்லை. இதற்கா இத்தனை பிறவி? பின்னாளில்தான் திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை என்னும் பகுப்பின் பொருள் விளங்கியது. புறத்தே ஓர் உயிரின் பிராணன்களைச் சிதைப்பது திரவிய ஹிம்சை. அகத்தே கஷாயத்தின் வயப்பட்டுக் கொலை எண்ணத்தை எழுப்பிக்கொள்வது பாவ ஹிம்சை. யசோதரன் மாவினைச் சிதைத்தமையால் பழிக்கு ஆளானான் அல்லன். இம்மாவு உயிராகக் கொள்ளப்படவேண்டும், இவ்வெட்டு கொலையாக ஏற்கப்படவேண்டும் என்று சங்கற்பித்தான். அந்தச் சங்கற்பமே வினையாயிற்று.

இப்போது திரைப்படத்தை நோக்குவோம். பொம்மை மான் பொம்மையாகத் தோன்றினால் படம் தோற்றது என்பர். உயிருள்ள மானே வீழ்ந்தது என்று பார்ப்போர் நம்பவேண்டும். அதற்காகத்தான் ஒளியும் ஒலியும் படத்தொகுப்பும். அதாவது, 'இது உயிராகக் கொள்ளப்படுக' என்னும் அதே எண்ணத்தை, ஒருவன் மனத்தில் அன்று, அரங்கம் நிறைந்த மக்கள் அனைவர் மனத்திலும் எழுப்புவதே இயக்குநரின் தொழில். அங்ஙனமாயின் அவர் யசோதரனைவிடப் பெரிய மாக்கோழியையன்றோ வெட்டுகிறார்? தம்பி மகனிடம் இதனைச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் எடுக்கவே கூடாதா?" என்றான். அவ்வளவு விரைவாக முடிவு கட்டலாகாது என்று கூறி, அந்நாடகத்தையும் அதனை முன்னரே படமாக்கிய ஒருவரின் செயலையும் இருவரும் சேர்ந்து ஆராயத் தொடங்கினோம்.

ஔலிஸ் துறைமுகத்தில்

யூரிபிடிஸ் இறந்தபின், கி.மு. 405இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறி முதற்பரிசு பெற்ற நாடகம் இது. ஸ்பார்ட்டாவோடு நடந்த நெடும்போரில் ஏதென்ஸ் தோற்றுப் பணியும் தறுவாயில் இருந்த காலம். கதை அதனினும் மிகப் பழையது. திராய் நகரின்மேல் படையெடுக்கக் கிரேக்கர் ஔலிஸில் திரண்டிருக்கின்றனர். காற்று இல்லாமையால் கப்பல்கள் அசையவில்லை. படைத்தலைவன் அகமெம்னானின் மகள் இஃபிஜீனியாவை ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் பலியிட்டால் காற்று எழும் என்று கால்க்கஸ் என்னும் நிமித்திகன் கூறுகிறான். வீரன் அக்கிலீஸுக்கு மணம் முடிப்பதாகப் பொய்யோலை எழுதித் தந்தை மகளை வரவழைக்கிறான். பின் மனம் மாறி, வரவேண்டாமென மறுவோலை விடுக்கிறான். அதனை அவன் தம்பி மெனலாஸ் இடைமறித்துவிடுகிறான். மணக்கோலம் காணும் மகிழ்ச்சியோடு தாய் கிளைட்டம்னெஸ்ட்ராவும் மகளும் வந்து சேர்கின்றனர். உண்மை வெளிப்படுகிறது. மகள் தந்தையின் காலைப் பற்றி உயிர்ப்பிச்சை கேட்கிறாள். அவன் கண்ணீர் விடுகிறான், ஆனால் இசையவில்லை. தான் மறுத்தால் படை தன்னையும் குடும்பத்தையும் கொல்லும் என்கிறான். இறுதியில் அவளே, கிரேக்க நாட்டுக்காக இறக்கிறேன் என்று துணிந்து பலிபீடம் செல்கிறாள்.

கிரேக்க மேடையில் கொலைகள் பெரும்பாலும் கண்முன் நிகழ்வதில்லை. உள்ளே அல்லது தொலைவில் நிகழும்; தூதன் ஒருவன் வந்து கூறுவான். வாள் வீழ்வதை யாரும் காணமாட்டார், கேட்பார். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், கதையைச் செவியால் கேட்ட அளவிலேயே ஒருவன் நடுங்கி இரங்கவேண்டும், காட்சியால் அச்சமூட்டுவது கலைத்திறத்தில் தாழ்ந்தது என்னும் கருத்தை எழுதியிருக்கிறார். மேடைக்குத் தூதன் இருந்தான். திரைப்படத்துக்கோ கண் இருக்கிறது. அது எங்கும் செல்லவல்லது. பலிபீடத்தின்மேல் ஏறிக் கழுத்தருகே நிற்கவும் அதனால் முடியும். எனவேதான், துன்பியல் நாடகத்தைப் படமாக்க வருபவருக்கு நாடகாசிரியருக்கு இல்லாத ஓர் அறச்சுமை வந்து சேர்கிறது. காட்ட முடியும் என்பதற்காகக் காட்டலாமா என்பதே அச்சுமை.

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் அரசன் டங்கன் கொலையுண்பது மேடைக்கு வெளியே. அதனைத் தழுவி 1957இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா எடுத்த படத்தில் கேமரா கொலையறைக்குள் செல்வதில்லை. கணவன் ஈட்டியோடு சென்றபின் மனைவியோடு இருந்து காத்திருக்கிறது. 1971இல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த படத்திலோ கத்திக்குத்து நேரே காட்டப்படுகிறது. ஒரே நாடகம், ஒரே கொலை. கண் நின்ற இடம் வேறு.

ககோயானிஸ் செய்தது

இஃபிஜீனியா நாடகத்தைப் படமாக்கியவர் மைக்கேல் ககோயானிஸ். சைப்ரஸ் தீவில் பிறந்து, 2011இல் ஏதென்ஸில் மறைந்தவர். யூரிபிடிஸின் நாடகங்கள் மூன்றினை அவர் படமாக்கினார். 'எலெக்ட்ரா' 1962இலும், 'திராய் நகரப் பெண்கள்' 1971இலும், 'இஃபிஜீனியா' 1977இலும் வெளிவந்தன. இடையே 1974இல் துருக்கியப் படை சைப்ரஸில் நுழைந்தபோது, தம் தீவு மக்களின் துயரை ஆவணப்படமாக எடுத்தார். போர் என்னும் சொல்லின் பொருளை அருகிருந்து கண்டபின் எடுத்த படம் இது என்பதை மறத்தலாகாது.

நாடகம் இரவில் அகமெம்னானின் கூடாரத்தின் முன் தொடங்குகிறது. படமோ வெயிலில் வாடிச் சோர்ந்து கிடக்கும் படைவீரரோடு தொடங்குகிறது. பசித்த படைக்கு உணவு தேட, தேவியின் ஆலயத்து மந்தையைப் பிடிக்க அகமெம்னான் ஆட்களோடு செல்கிறான். அக்களேபரத்தில் தேவிக்குரிய புனித மான் கொல்லப்படுகிறது. அக்குற்றத்துக்குக் கழுவாயாகவே பலி கேட்கப்படுகிறது. யூரிபிடிஸின் நாடகத்தில் இம்மான் கொலை இல்லை, இயக்குநர் சேர்த்தது. பின்னர், இஃபிஜீனியா உயிருக்கு அஞ்சிக் காட்டில் ஓட, வீரர்கள் அவளைத் துரத்திப் பிடிக்கும் காட்சியும் அவர் சேர்த்ததே. முதலில் மான் ஓடியது போலவே இச்சிறுமியும் ஓடுகிறாள். உயிர்ப்பிச்சை கேட்டவள் திடீரென வீரமாக இறக்கத் துணிவது முரண் என்று அரிஸ்டாட்டில் இந்நாடகத்தின்மேல் குறை கூறினார். ஓடியும் தப்ப வழியில்லை என்பதைக் காட்டியதன் மூலம் அம்மனமாற்றத்துக்கு ஒரு காரணத்தையும் இயக்குநர் காட்டிவிட்டார்.

இனி இறுதிக் காட்சி. மகள் பலிபீடத்தின் படிகளில் ஏறுகிறாள். கத்தி வீழ்வதை நாம் காண்பதில்லை. தந்தை ஓடி ஏறுகிறான்; அவன் எதனைக் கண்டான் என்பதை அவன் முகத்தில் மட்டுமே காண்கிறோம். காற்று எழுந்துவிட்டது. படை ஆரவாரித்துக் கப்பல்களை நோக்கி ஓடுகிறது. ஐரீன் பாப்பாஸ் நடித்த தாயின் முகம் அக்கப்பல்களை நோக்கியவாறு நிற்க, படம் முடிகிறது.

கி.மு. 400ஐ ஒட்டி வாழ்ந்த திமாந்தெஸ் என்னும் கிரேக்க ஓவியர் இதே பலியை வரைந்தார். அவ்வோவியம் இன்றில்லை, உரோமானிய ஆசிரியர்கள் அதனைப் புகழ்ந்து எழுதியிருக்கின்றனர். சூழ நின்றோர் ஒவ்வொருவர் முகத்திலும் துயரினைப் படிப்படியாக மிகுத்து வரைந்தவர், தந்தையின் முகத்தை வரையவில்லை, ஆடையால் மூடிவிட்டார். அத்துயரைத் தூரிகை எட்டாது என்று கருதினார் போலும். ககோயானிஸ் அதனைத் தலைகீழாக்கினார். கொலையை மூடினார், தந்தையின் முகத்தைத் திறந்தார். கொல்வித்தவன் தன் செயலின் பயனைக் காணும் அக்கணத்தையே நமக்குக் காட்டினார். இஃது எனக்குப் பெரிதும் பொருளுடையதாகத் தோன்றுகிறது. கொலைக் காட்சியைக் கண்டவன், எப்படி வெட்டினார்கள் என்று நினைப்பான். அம்முகத்தைக் கண்டவன், ஏன் வெட்டச் செய்தோம் என்று நினைப்பான்.

கண் யாரோடு நிற்கிறது?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை வந்தடையும் வாயில்கள் மூன்று என்பது நம் ஆகமம். கிருதம், காரிதம், அனுமோதனை என்பனவும் அவையே. ஔலிஸ் கரையில் இம்மூன்றும் மூன்று உருவமாக நிற்பதைக் காணலாம். பலியை நிகழ்த்தும் கால்க்கஸ் செய்பவன். ஓலை எழுதிய அகமெம்னான் செய்வித்தவன். கரையில் நின்று ஆரவாரிக்கும் ஆயிரக்கணக்கான வீரர்கள் உடன்பட்டோர். அவர்களுள் ஒருவனும் கத்தியைத் தொடவில்லை. ஆனால் அவர்கள் இசையாவிடில் அக்கத்தி எழுந்திராது.

இனித் திரையின் முன் அமர்ந்திருக்கும் நாம் இம்மூவருள் யார்? அதனை முடிவு செய்பவர் இயக்குநரே. கேமராவை அவர் படையின் நடுவே நிறுத்தி, காற்றுக்காக ஏங்கும் கூட்டத்தின் கண்ணால் பலிபீடத்தைக் காட்டினால், சிறிது நேரத்தில் நாமும் காற்றை விரும்பத் தொடங்குவோம். காற்றை விரும்புவது கத்தியை விரும்புவதேயாகும். தாயின் பக்கத்தில் நிறுத்தினால், அக்கத்தி நிற்கவேண்டுமென்று நெஞ்சு பதறும். முன்னது அனுமோதனை, பின்னது காருண்ய பாவனை. மைத்திரி, பிரமோதம், காருண்யம், மாத்தியஸ்தம் என்று நாம் பயிலவேண்டிய பாவனைகள் நான்கனுள் ஒன்றை ஒரு காட்சி நம்முள் எழுப்புமானால், அதனை மாக்கோழி என்று தள்ளுதல் முறையன்று. மாக்கோழியை வெட்டியவர் அது இறக்கவேண்டும் என்று விரும்பினார். இங்கோ அரங்கம் முழுவதும் அவள் இறக்கக்கூடாது என்று விரும்புகிறது. சங்கற்பம் நேர்மாறானது.

இதற்கு எதிரிடையானதையும் நாம் அறிவோம். கதாநாயகன் பகைவனை வெட்டும்போது சீழ்க்கை ஒலிக்கும் கொட்டகைகளை அறியாதார் யார்? இளமையில் நானும் அக்கூட்டத்தில் ஒருவனாகக் கைதட்டியிருக்கிறேன். அடுத்த அடி எப்போது விழும் என்று ஆவலோடு காத்திருந்திருக்கிறேன். கொலையில் மகிழும் தியானத்தை ரௌத்திர தியானம் என்று நம் ஆசாரியர்கள் வகுத்து, அது நரக கதிக்கு வித்து என்றும் கூறியிருப்பதை அந்நாளில் படித்ததுண்டு. அது கொட்டகையில் அமர்ந்திருக்கும் எனக்கும் பொருந்தும் என்று எண்ணியதில்லை. எறும்பு மிதிபடாமல் நடந்து சென்று, நுழைவுச்சீட்டு வாங்கி, மூன்று மணி நேரம் மனத்தால் கொலை செய்துவிட்டு, மீண்டும் எறும்பு மிதிபடாமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதி என்பதொன்று. பயனின்றிச் செய்யும் தீங்குகளிலிருந்து விலகுதல் அதன் பொருள். அத்தீங்குகளுள் ஒன்றாகத் தீய கதைகளைக் கேட்டலையும் (துஸ்ருதி) சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் வைத்துள்ளார். திரைப்படம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, காதின் வழியும் வினை வரும் என்று எச்சரித்தவர்கள் நம் முன்னோர். ஆயின் அவர்களே பிரதமானுயோகத்தில் போரும் கொலையும் வஞ்சமும் நிறைந்த கதைகளையும் போற்றி வைத்தனர். தீயதைக் கூறும் கதையெல்லாம் தீய கதை அன்று. மனத்தில் கஷாயத்தை வளர்ப்பதே தீய கதை என்பது இதனால் பெறப்படும்.

ஓர் எச்சரிக்கை

இந்நாடகத்தைப் படமாக்குவோர் வழுக்கக்கூடிய இடம் ஒன்றுண்டு. அஃது இஃபிஜீனியாவின் இசைவு. நாட்டுக்காக மகிழ்ந்து இறக்கிறேன் என்று அவள் கூறும் பேச்சு உள்ளத்தை உருக்குவது. அவ்விடத்தில் இசையை உயர்த்தி, அவள் தலையைச் சுற்றி ஒளிவட்டம் அமைத்து, அதனைத் தியாகத்தின் சிகரமாக்கிவிடலாம். பார்ப்போர் கண்ணீர் மல்கப் பலியை வாழ்த்திவிட்டு எழுவர். நம் மக்களிலும் சிலர், விரும்பி உயிர்விடுதல் சல்லேகனை போன்றதன்றோ என்று மயங்கக்கூடும்.

அவ்வாறு அன்று. சல்லேகனையில் கொல்லும் கை ஒன்றில்லை. வெற்றி வேட்கை இல்லை. பகைவர் அழியவேண்டும் என்னும் எண்ணம் இல்லை. உடலையும் கஷாயத்தையும் ஒருசேர மெலிவித்து, எவ்வுயிரிடத்தும் பொறுமை வேண்டி நிற்பது அது. இச்சிறுமியின் இசைவோ, தப்ப வழியடைக்கப்பட்டபின் வந்தது. திராய் நகர் அழியவேண்டும் என்பதற்காகத் தரப்பட்டது. அவள்மேல் நமக்கு இரக்கமும் மதிப்பும் உண்டு. ஆனால் கொல்லப்படுபவரின் இசைவு கொல்பவரின் வினையை ஓர் இம்மியும் குறைப்பதில்லை. அவ்விசைவை அழகுபடுத்தும் இயக்குநர், அறியாமலே கால்க்கஸின் பக்கம் சென்று நிற்கிறார்.

படம் முடிந்தது

தம்பி மகன் படத்தை எடுத்து முடித்தான். பொம்மை மான் செய்யவில்லை. விலங்குகளைத் திரைப்படத்தில் பயன்படுத்துவதற்கு நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. அவற்றின் வேர், ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவின் விளைவாகப் பிறந்த 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம். உயிருள்ள மானை அவன் எண்ணவே இல்லையாதலால் சட்டம் அவனைத் தடுத்திருக்காது. பொம்மை வேண்டாம் என்றது மாக்கோழியே. வீரர்களின் ஓடும் கால்களையும், மந்தையின் மணியோசையையும், அவ்வோசைகளுள் ஒன்று நின்றுபோவதையும் மட்டும் வைத்து முதற்காட்சியை அமைத்தான். மகள் தந்தையிடம் உயிர் கேட்பது இரண்டாம் காட்சி. மூன்றாவதில் கேமராவைத் தாயின் தோளுக்குப் பின்னால் நிறுத்தினான். பலிபீடம் தெரியவே இல்லை. படையின் ஆரவாரமும் காற்றில் அசையும் அவள் முந்தானையும் மட்டுமே.

ஒருநாள் மாலை, பொழுது சாயுமுன் உணவு முடித்துக் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து மடிக்கணினியில் அதனைக் கண்டோம். அனைவரும் அவனைப் பாராட்டினர். எண்பதைக் கடந்த என் தாயார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. கதை விளங்கவில்லையோ என்று எண்ணிச் சுருக்கமாக எடுத்துரைத்தேன். "அதெல்லாம் விளங்கிற்று. அந்த மானுக்காக யாராவது அழுதார்களா?" என்று கேட்டார்.

எங்களில் யாரும் விடை கூறவில்லை. இத்தனை நாள் நானும் அவனும் சிறுமியைப் பற்றியே சிந்தித்திருந்தோம். மானை எவ்வாறு எடுப்பது என்று பேசினோமேயன்றி, மான் ஓர் உயிர் என்று பேசினோமில்லை.

யூரிபிடிஸின் நாடகம் இப்போது கிடைக்கும் வடிவில், இறுதியில் தூதன் வந்து ஒரு செய்தி கூறுகிறான். கத்தி வீழ்ந்த கணத்தில் சிறுமி மறைந்தாளாம். அவளுக்கு ஈடாகப் பலிபீடத்தில் ஒரு மான் துடித்துக்கொண்டிருந்ததாம். தேவி அவளைக் காத்தாள் என்று படை மகிழ்ந்ததாம். இப்பகுதி பிற்காலத்தார் சேர்த்தது என்பது அறிஞர் பலர் கருத்து. உரோமர் காலத்துப் பொம்பெய் நகரச் சுவரோவியம் ஒன்றிலும், முகம் மூடிய தந்தையும் வானத்தில் ஏந்தி வரப்படும் மானும் காணப்படுகின்றன. உலகத்தார் இதனை நன்மையான முடிவு என்பர். நாம் அங்ஙனம் கூறவியலுமா? மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, தேரைத் திருப்பித் துறவு பூண்ட நேமிநாத தீர்த்தங்கரரின் வழிவந்தவர்கள் நாம். ஒரு மணவிருந்துக்காகப் பல உயிர்கள் கத்தியின் கீழ் நிற்பதும், ஒரு மணப்பெண்ணுக்கு ஈடாக ஒரு மான் கத்தியின் கீழ் வீழ்வதும் நமக்கு வேறல்ல. ககோயானிஸ் இம்முடிவைத் தம் படத்தில் காட்டாமல், மானின் கொலையைத் தொடக்கத்தில் வைத்தார். மான் கொலையுண்டது, அதன் பேரால் சிறுமி கொலையுண்டாள், அவள் பொருட்டுத் தாய் பின்னாளில் தந்தையைக் கொன்றாள், தந்தையின் பொருட்டு மகன் தாயைக் கொன்றான். இறுதிப் பகுதியை அவரே 1962இல் எலெக்ட்ராவின் கதையாக எடுத்திருந்தார். மயிலும் நாயும் கோழியுமாகத் தொடர்ந்த யசோதரனின் வினைத்தொடர் போன்றதே இதுவும். தொடங்குமிடத்தில் ஒரு விலங்கு வீழ்ந்து கிடக்கிறது. அதனை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

எனவே தம்பி மகன் கேட்ட வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே. எடுக்கலாம், ஆனால் யசோதர காவியத்தில் உள்ள இரு மனிதரையும் கண்முன் வைத்துக்கொண்டு எடுக்கவேண்டும். ஒருவன் பொய்யுருவை வெட்டி மெய்வினை ஈட்டிய யசோதரன். மற்றவன் அக்கொலைக் கதையைக் கேட்ட மாரிதத்தன். ஓங்கிய வாளைத் தாழ்த்தினான், பலியை நிறுத்தினான், அறவழி புகுந்தான். இயக்குநர் தம் படத்தால் பார்ப்போரை இவ்விருவருள் யாராக ஆக்குகிறார் என்பதே அவர்தம் வினைக்கு அளவுகோல். பார்ப்போராகிய நமக்கும் அதுவே. கொட்டகையில் வடித்த கண்ணீர் வாயிலைக் கடக்குமுன் காய்ந்துவிடுமாயின், மாரிதத்தனைப் போல நாம் கதை கேட்டோம் என்று சொல்லிக்கொள்ள இயலாது. கேட்டபின் நம் கையில் ஏதேனும் ஒன்று தாழ்ந்திருக்கவேண்டும்.

என் தாயாரின் வினாவைக் கேட்ட மறுநாள், தம்பி மகன் படத்தில் ஒரேயொரு மாற்றம் செய்தான். இறுதியில் காற்றும் ஆரவாரமும் அடங்கியபின், முதற்காட்சியில் நின்றுபோன அந்த மணியோசையை ஒருமுறை மீண்டும் ஒலிக்கச் செய்தான். அதனைக் கேட்ட என் தாயார், "இப்போது சரி" என்றார்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!